மூணு படுக்கையும் என்னுதுதான்

அன்றைக்கு மலையில் இருந்தவர்கள் நான்கு பேர், இரண்டு நாய்கள். நான், என் மனைவியின் தம்பி, ஆந்த்ரே என்ற கிரியோல்காரன், அப்புறம் அவர். நாய்கள் இரண்டும் ஆந்த்ரேயுடையவை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிற்பாடு, தீவின் தெற்கே எங்கள் பக்கத்து ஊரான சுயாக் கோர்ட்டில், மலையில் இருந்தது ஒரே ஒரு ஆள் என்று எழுதிக்கொண்டார்கள். அது சரியில்லை. நான்கு பேர்.

அவருக்கு மாட்டுவண்டி ஓட்டுகிற வேலை. வெட்டுக் காலத்தில் என்னைப் போன்ற சின்னத் தோட்டக்காரர்களின் கரும்பை ஏற்றிக்கொண்டு போய் ஆலையில் இறக்குவார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். குள்ளம், அகலமான முதுகு, கோணிச் சாக்கு வாசனை. ஊர் அவரை வண்டிக்காரர் என்றது. ஆனால் எனக்கு அவரை நினைத்தால் வண்டி ஞாபகம் வருவதில்லை. படுக்கைதான் வருகிறது.

யாராவது சரியாகப் படுக்கவில்லை என்றால் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆலை வாசலில் வண்டிகள் வரிசையில் நிற்கும்போது வண்டிக்காரர்கள் அவரவர் வண்டிக்கு அடியில் சுருண்டு கிடப்பார்கள். இவர் மட்டும் ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போவார். "ஏய், மேட்டுல காலை வச்சு பள்ளத்துல தலைய வச்சிருக்கியே, ரத்தம் பூரா மண்டைக்கு வந்திரும். திரும்பிப் படு." அவன் தூக்கத்தில் திட்டுவான். திரும்பிப் படுக்கிற வரைக்கும் இவர் நகர மாட்டார். ஒருமுறை ஒரு சாவு வீட்டில், கிடத்தியிருந்த பிணத்தின் தலை சாய்ந்திருக்கிறது என்று எழுந்து போய் ஒரு துண்டை மடித்துக் கழுத்துக்கு அண்டை கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். அவர் ஒன்றும் நடக்காதது போல் பீடிக்கு நெருப்புக் கேட்டார்.

அவர் பெண்சாதி சொல்லும்: "ஊருக்கெல்லாம் மெத்தை போடுறவரு. வீட்டுல வந்து பாருங்க, கிழிஞ்ச பாய்." அது உண்மை. தன் படுக்கையை அவர் கடைசியில், மிஞ்சினதை வைத்துத்தான் போடுவார்.

வேட்டை என்றால் துரைமார் வேட்டை மாதிரி நினைத்துவிடக் கூடாது. அவர்களுக்கு மரத்தில் பரண் உண்டு, மேலே நாற்காலி உண்டு, மதியம் மேசை விரித்துச் சாப்பாடு உண்டு. எங்களுடையது முயல், காட்டுப் பன்றி, சில சமயம் தாங் என்று சொல்கிற அந்த முள்ளெலி மாதிரியான பிராணி. கரும்பைக் கடிக்கிற குரங்கை விரட்டுவதற்கென்று எனக்கு ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்றுக்கு லைசென்ஸ் கிடைத்திருந்தது. துப்பாக்கி என்னிடம் இருந்ததால்தான் எனக்கு அந்தக் கூட்டத்தில் இடம். மற்றபடி நான் காட்டுக்கு ஆகிற ஆள் இல்லை. வீட்டில் விளக்கை அணைத்தேனா என்று பாதி வழியில் நின்று யோசிக்கிறவன். மூன்றாவது வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவனுக்கு எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். லைசென்ஸ் காகிதத்தை வருடத்துக்குப் பத்துத் தடவை எடுத்து, தேதி தாண்டிவிட்டதா என்று பார்ப்பேன்.

நாங்கள் படுக்காத இடம் இல்லை. கடற்கரையில் சுண்ணாம்புக் காளவாயில் ஒரு ராத்திரி படுத்தோம். முந்தின நாள்தான் நெருப்பு அவிந்திருந்தது, நல்ல கணகணப்பு. காலையில் நான்கு பேரும் வெள்ளை வெளேரென்று எழுந்தோம். ஆந்த்ரே தன் கையைப் பார்த்துவிட்டு, "ஆயோ, ராத்திரியோட ராத்திரியா என்னைத் துரையாக்கிட்டீங்களே" என்று கத்தினான். இன்னொரு தடவை மாடு இல்லாத ஒரு தொழுவம். பிறகு ஒரு பாலத்தின் அடி. எங்கே போனாலும் அவருக்கு ஒரே முறைதான். முதலில் இடம் பார்த்து, தரையில் ஒரு சிட்டிகைச் சர்க்கரை போடுவார். ஒரு பீடி புகைத்து முடிகிற நேரம் காத்திருப்பார். எறும்பு வந்தால் அந்த இடம் வேண்டாம். வரவில்லை என்றால் வாழை மட்டை மாதிரி விசிறிக்கொண்டு நிற்குமே அந்த ரவினால் மரம், அதன் இலையை வெட்டி, நடுத்தண்டு கீழே இருக்கும்படி அடியில் பரப்புவார். அதற்கு மேல் காய்ந்த பெரணிச் செடி. அதற்கு மேல் கரும்புத் தோகை. தோகையின் ஓரம் தோலை அறுக்கும் என்று அதை ஒரு கல்லில் அடித்து அடித்து நார்நாராக்கித்தான் போடுவார். கடைசியில் சாக்கு. இதெல்லாம் முடிந்தபின் தானே அதில் மல்லாந்து படுப்பார், இடப்பக்கம் திரும்புவார், வலப்பக்கம் திரும்புவார், கண்ணை மூடுவார். பிறகு எழுந்து, "ம், படுக்கலாம்" என்பார். அவர் படுத்துப் பார்க்காத இடத்தில் எங்களில் யாரும் படுக்கக் கூடாது.

"அண்ணே, எனக்கு எங்கப்பன்கூட இப்படிப் படுக்கை போட்டதில்ல" என்பான் என் மச்சினன்.

"உங்கப்பன் சரியாப் படுக்கை போட்டிருந்தா நீ இப்படியா பொறந்திருப்பே?" என்பார் அவர்.

அவர் சாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ராத்திரியில் நாம் எழுந்து இடம் மாறிப் படுத்துவிட்டால் இரண்டு நாளைக்குப் பேச மாட்டார். குறட்டை விடுவார். புகையிலையைக் கேட்டால் இல்லை என்பார், பைக்குள் இருக்கும். "படுக்கத் தெரியாத பய" என்பதுதான் அவருக்குத் தெரிந்த பெரிய வசவு.

எங்களுக்குள் இரண்டு கட்டுப்பாடு உண்டு. ஒன்று, துப்பாக்கிக்கு ஈரம் ஆகாது, அதனால் உள்ளதிலேயே காய்ந்த இடம் துப்பாக்கிக்கு. துப்பாக்கி எங்கே படுக்கிறதோ அங்கேதான் துப்பாக்கிக்காரன் படுக்க வேண்டும். ஆக, நல்ல இடம் எப்போதும் எனக்கு. இரண்டாவது, இறைச்சிக் காவல். கிடைத்ததை மரத்தில் தொங்கவிட்டு அதன் அடியில் ஒருவர் படுக்க வேண்டும். திருட்டு நாய் இழுத்தால் தெரிவதற்காக, தொங்குகிற மிருகத்தின் காலிலிருந்து ஒரு கயிற்றை இறக்கித் தன் கணுக்காலில் கட்டிக்கொள்ள வேண்டும். மேலே ரத்தம் சொட்டும், பூச்சி வரும். அந்த இடத்துக்கு யாரும் போட்டி போட்டதில்லை. அவர்தான் படுப்பார். "எனக்கு எங்கேயும் தூக்கம் வரும். நீங்க போங்க" என்பார். காவல் படுக்கிறவருக்கு ஒரு பங்கு கூடுதல். அதனால் அது தியாகம் இல்லை என்று நான் எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

இனி அந்த நாள்.

என் மூன்று அர்பான் நிலத்துக் கரும்பு, மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் இருந்தது. கரும்புக்கு மேலே ஒரு கல் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய தோட்டத்துக்காரரின் வேட்டைக் காடு. மான் அவர்களுடையது. ஆனால் அதற்கு வாய் என்னுடைய கரும்பில். வருடா வருடம் இளங்குருத்தைத் தின்றுவிட்டுச் சுவரைத் தாண்டிப் போய்விடும். என் கரும்பு போகிற ஆலையும் அவர்களுடையதுதான். "உன் கரும்பு வேண்டாம்" என்று எடைமேடையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? நான்கு பிள்ளைகள். அதனால் மானைக் கண்டால் நான் கல்லை எறிவேன், கையைத் தட்டுவேன். சுட்டதில்லை.

அன்றைக்குச் சுட்டேன். பன்றியைத் தேடிப் போனோம், சாயங்காலம் தூறல், பனி மூட்டம். புதரில் ஏதோ அசைந்தது. பன்றி என்று நினைத்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். கொம்பைப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் சுட்டேன். விழுந்த இடம் சுவருக்கு அந்தப் பக்கம், நன்றாக உள்ளே.

தூறலில், இருட்டில், அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு வழுக்குப் பாறையில் இறங்க முடியாது. விடியக் கருக்கலில் இறங்கிவிடலாம் என்று முடிவாயிற்று. கரும்பாறையில் ஒரு பொந்து இருந்தது, ஒரு ஆள் காலை நீட்டலாம். அது எனக்கும் துப்பாக்கிக்கும். கீழே, இருபது அடி தள்ளி, ஒரு மரத்தில் மான். அதன் பக்கத்தில் மூன்று படுக்கை. தோகை கிடைக்காத காட்டில், ஈரத்தில், எங்கிருந்தோ காய்ந்த பெரணி தேடிக்கொண்டு வந்தார். நான்கு படுக்கையும் போட்டார். நான்கிலும் படுத்துப் பார்த்தார்.

எனக்கு அந்தப் பொந்து பயமாக இருந்தது. தலைமாட்டில் இரும்பு வேண்டும் என்றேன்.

"துப்பாக்கி இரும்பு இல்லாம வேற என்ன தம்பி?" என்றார்.

"உயிர் எடுத்த துப்பாக்கி தலைமாட்டுல வேணாம்ணே."

சிரித்தார். இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துக் கொடுத்தார். எங்களிடம் இருந்தது அந்த ஒரு கத்திதான். ஆந்த்ரே தன்னுடையதை அன்று மறந்துவிட்டு வந்திருந்தான். அதற்காக வழியெல்லாம் அவனைக் கேலி செய்திருந்தோம். கத்தியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். அவர் போய்க் காலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மானுக்கு அடியில் படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

நான் தூங்கவில்லை. எந்த ராத்திரியும் வெளியில் தூங்கினவன் இல்லை, அவரிடம்தான் சொன்னதில்லை. சொன்னால் வருத்தப்படுவார்.

விடியும் நேரம். வானம் சாம்பல் நிறமாகிறது. நாய்கள் குரைத்தன. கீழே எங்கோ, "கிசன்லா?" என்று ஒரு குரல். யாரது என்று கேட்கிறான். வேட்டைக் காவலர்கள்.

ஆந்த்ரே எழுந்த வேகத்தில் நாய்களை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கிவிட்டான். மச்சினன் அவனுக்குப் பின்னால். அவன் போகும்போது என் பொந்தைப் பார்த்து, "அத்தான், ஓடுங்க!" என்றான். நான் எட்டிப் பார்த்தேன். அவர் உட்கார்ந்து கணுக்காலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ராத்திரி பூரா நனைந்த கயிறு, முடிச்சு ஊதி இறுகிவிட்டது. மானை இறக்கவும் ஆள் இல்லை. காவலர்களின் குரல் இன்னும் தூரத்தில்தான் இருந்தது. நேரம் இருந்தது. இதை எத்தனையோ தடவை கணக்குப் பார்த்துவிட்டேன். இருபது அடி இறங்கி, ஒரு வெட்டு வெட்டி, இரண்டு பேரும் சரிவில் விழுந்திருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம்.

அவர் என் பக்கம் திரும்பினார். சத்தம் போடாமல், ஆனால் தெளிவாக, "தம்பி, கத்தி" என்றார்.

கத்தி என் கையில்தான் இருந்தது.

நான் இறங்கவில்லை. பொந்துக்குள் பின்னால் நகர்ந்தேன். எடைமேடை ஞாபகம் வந்தது, லைசென்ஸ் காகிதம், பிள்ளைகள், வெட்டாமல் நிற்கிற பாதிக் கரும்பு, எல்லாம் வரிசையாக வந்தது. "தம்பி" என்று இன்னொரு தடவை கேட்டது. அதற்கப்புறம் அவர் கூப்பிடவில்லை.

மூன்று காவலர்கள் வந்தார்கள். அவர் எழுந்து நின்று சலாம் வைத்தார், காலில் கயிற்றோடு. பேச்சு கிரியோலில்தான் நடந்தது, நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

"மத்தவனுங்க எங்கே?"

"யாரு மத்தவன்? நான் ஒத்தை ஆளு."

"ஒத்தை ஆளுக்கு மூணு படுக்கையா?"

"மூணும் என்னுதுதான். எனக்கு ஒரே இடத்துல தூக்கம் வராது. முதல் சாமம் இங்கே. நடுச்சாமம் அங்கே. விடியக்காலம் இதோ, இதுல."

ஒருவன் குனிந்து பெரணிக்குள் கையை விட்டான். "எல்லாம் சூடா இருக்கு."

"என்னுது சூட்டு உடம்பு. என் பெண்சாதியைக் கேட்டுப் பாருங்க, பாயைத் தள்ளித்தான் போடுவா."

அவர்களில் ஒருவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவன் சிரிக்கவில்லை. "துப்பாக்கி எங்கே?" என்றான்.

"எனக்கு ஏது துப்பாக்கி? செத்துக் கிடந்துச்சு. வீணாப் போகுதேன்னு எடுத்தேன்."

பெரியவன் சுற்றிலும் பார்த்தான். பாறையையும் பார்த்தான். நான் சாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கயிற்றை அவர்களுடைய கத்தியால் அறுத்தார்கள். மானை அவர் தோளிலேயே ஏற்றினார்கள். போகும்போது முதுகு குனிந்து, ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து இறங்கினார்.

வெயில் ஏறுகிற வரைக்கும் நான் வெளியே வரவில்லை.

அறுபது ரூபாய் அபராதம், கட்டாவிட்டால் ஜெயில். கோர்ட்டிலும் அவர் ஒத்தை ஆள் என்றே சொன்னார். வண்டியையும் மாட்டையும் விற்றால்தான் அறுபது வரும். விற்றால் அப்புறம் பிழைப்பு எது? நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கு இருபது போட வேண்டும் என்று மச்சினன் சொன்னான். அவன் தன் பெண்சாதியின் கம்மலை வைத்து இருபது கொண்டுவந்தான். ஆந்த்ரே ஒரு நாயை விற்றான், நல்ல நாய்.

"அத்தான், உங்களுது?" என்றான்.

என்னிடம் இருந்தது. ஆலையில் வந்த முதல் பணம், இருபத்தாறு ரூபாய், அரிசிப் பானைக்கு அடியில். என்னையும் கோர்ட்டுக்குக் கூப்பிட்டால் எனக்கு வேண்டுமே என்று நினைத்தேன். இரண்டு பேர் கொடுத்தாலே எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், மூன்றாவதும் வந்தால் துப்பாக்கியைத் தேடுவார்கள் என்றும் நினைத்தேன். நினைக்க எனக்கா காரணம் கிடைக்காது?

"இன்னும் ஆலையில பணம் வரல" என்றேன்.

மச்சினன் அரிசிப் பானையைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தான். நாற்பது ரூபாயைக் கொண்டுபோய்க் கட்டினான். கட்டாத இருபதுக்குப் பதினான்கு நாள் ஜெயில் என்றார்கள். என் பங்குக்குப் பதினான்கு ராத்திரி அவர் அங்கே படுத்தார்.

திரும்பி வந்த அன்று சாயங்காலம் கடை வாசலில் எல்லோரும் இருந்தோம். தாடி வளர்ந்திருந்தது. ஜெயில் எப்படி என்று கேட்டார்கள். அவர் படுக்கையைப் பற்றித்தான் சொன்னார். "பலகை. ஒரு கம்பளி. மோசம் இல்ல, மேலேருந்து எதுவும் சொட்டல. ஆனா ஒருத்தனுக்கும் படுக்கத் தெரியல. பக்கத்துல ஒருத்தன், கையை அடியில மடிச்சு வச்சுப் படுத்துட்டு, காலையில கை மரத்துப் போச்சுன்னு அழுவான்." எல்லோரும் சிரித்தார்கள். நான் வீட்டுக்குப் போக எழுந்தேன்.

"தம்பியக் கேளுங்க" என்றார், என்னைக் காட்டி. "மலையில, அந்த ஈரத்துல, நான் போட்ட படுக்கை எப்படின்னு தம்பியக் கேளுங்க. ரெண்டு தடவை கூப்பிட்டேன். அசையலையே! அப்படித் தூக்கம்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "அப்படியா?"

"ஆமாம்" என்றேன். "நல்ல தூக்கம்."

அவர் முகம் மலர்ந்தது. அதை அவர் நம்பித்தான் சொன்னாரா, இல்லை நான் தலை நிமிர்ந்து நடக்கட்டும் என்று சொன்னாரா, இல்லை என்னைக் குத்துவதற்குத்தான் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அவர் கண்ணைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிறு அறுத்த இடத்தில் கறுப்பாக ஒரு வளையம்.

அதற்குப் பிறகு அதை ஊர் முழுக்கச் சொன்னார். கல்யாண வீடு, காவடிக்கு வந்த கூட்டம், எங்கே என்னைப் பார்த்தாலும்: "இந்தத் தம்பி இருக்கே, கோழித் தூக்கக்காரன்னு சொல்லுவாங்க. என் படுக்கையில படுத்தா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டான்." ஒவ்வொரு தடவையும் நான் ஆமாம் என்றேன். அவர் பெண்சாதி மட்டும் சிரிக்கவில்லை. என்னைக் கண்டால் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

ஆலை அவர் வண்டியை வாசலில் விடவில்லை. என் மீதிக் கரும்பை வேறு ஆள் ஏற்றினான். வண்டி அவர் வீட்டைத் தாண்டிப் போகும்போது அவர் வேலியோரம் நின்றிருந்தார். நான் கூடவே நடந்துகொண்டிருந்தேன். "பாரம் இடது பக்கம் சாயுது தம்பி, இறுக்கிக் கட்டச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு எடைக்குப் பணம் கைக்கு வந்தது. திரும்பி அந்த வழியாக வரவில்லை, ஆற்றோரமாகச் சுற்றிக்கொண்டு வந்தேன்.

அந்த இருபது ரூபாயை அவர் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் வண்டி, மாடு, பெண்சாதி, மகளோடு கிழக்கே சென்ட்ர் டி ஃப்ளாக் பக்கம் குடிபோய்விட்டார். அங்கே ஏதோ ஒரு மழைக் காலத்தில் மார்புச் சளி வந்து இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. எப்படிப் படுக்க வைத்திருந்தார்கள் என்று கேட்க எனக்கு வாய் வந்தது, கேட்கவில்லை.

போன வருடம் ஒரு காரியமாக ஃப்ளாக் போனேன். சந்தையில் அவர் மகள் காய்கறி விற்கிறாள் என்று மச்சினன் சொல்லியிருந்தான். இருபது ரூபாயைத் தாளாக மடித்து உள்பையில் வைத்துக்கொண்டு போனேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது, அதே அகலமான முதுகு. வெண்டைக்காய் என்ன விலை என்றேன். சொன்னாள்.

"எந்த ஊரு ஐயா? இந்தப் பக்கம் பார்த்ததில்லையே" என்றாள்.

"ட்ரியோலே" என்றேன். அது வடக்குக் கோடியில் இருக்கிற ஊர், என்னுடையது இல்லை.

வெண்டைக்காய்க்கு முப்பது சதம் கொடுத்தேன். பேரம் பேசவில்லை. ரயிலில் வரும்போது உள்பையைத் தொட்டுப் பார்த்தேன், தாள் இருந்தது. பாக்கி இருபது ரூபாய்.